வழக்கும் நியமமும்: பாஸிக்ஸ் வரலாறு

ஒரு கம்பெனியின் கணிப்பொறிக்காக எழுதப்பட்ட நிரலை மற்றொரு கம்பெனியின் கணிப்பொறியில் ஏற்றி ஓட்டலாம் என்பது இன்று யாருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஆனால் 1970-களில் ஒரு யந்திரத்தை விலைகொடுத்து வாங்கிய ஸ்தாபனம், யந்திரத்தோடு வந்த இயங்குதளத்துக்கும், அந்த இயங்குதளத்தை நம்பித் தான் எழுதுவித்துக்கொண்ட நிரல்களுக்கும் சேர்த்தே கட்டுப்பட்டுப் போயிற்று. யந்திரம் பழையதாகி வேறு கம்பெனியை நாட வேண்டிய காலம் வந்தபோது, அதுவரை சேர்த்துவைத்த நிரல்களையெல்லாம் அடியிலிருந்து மறுபடி எழுதவேண்டிய அவஸ்தை அதற்கு நேர்ந்தது. இந்தத் தளை எவ்வாறு தளர்ந்தது என்று ஆராயப் புகுகிறவர்கள், புதியதாக எதையும் கண்டுபிடிக்க விரும்பாத, பழகிவந்த முறையைப் பிசகில்லாமல் எழுத்தில் வடிப்பதையே கடமையாகக் கொண்ட சில கமிட்டிகளின் வாசலில் வந்து நிற்பார்கள். அவை ஆக்கிய நியமத்துக்குப் பாஸிக்ஸ் என்று பெயர்.

அதன் பூர்விகம் யூனிக்ஸ். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்து மர்ரே ஹில்லிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் கையில் பிறந்த அந்த இயங்குதளம், 1973-இல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டபோது, ஒரே யந்திரத்தோடு பிறந்து அதனோடு மடியும் விதியிலிருந்து தப்பியது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு உடைமையாளரான ஏ.டி. அண்டு டி. கம்பெனி, அரசாங்கம் தொடுத்த வழக்கில் 1956-இல் செய்துகொண்ட சமரசத்தின்படி, தொலைத்தொடர்புத் தொழிலுக்குப் புறம்பான வியாபாரத்தில் இறங்கக் கூடாதென்ற தடைக்கு உட்பட்டிருந்தது. ஆகவே யூனிக்ஸைச் சரக்காக்கி விற்க இயலாமல், சர்வகலாசாலைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூலநிரலோடு கொடுத்துவிட்டது. கொடுத்ததோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. பராமரிப்பும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. பெற்றுக்கொண்டவர்கள் பிழைகளைத் தாங்களே திருத்தினார்கள், குறைகளைத் தாங்களே நிரப்பினார்கள், தங்கள் திருத்தங்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள்.

இந்தச் சுயேச்சையே பிற்காலத்துக் குழப்பத்துக்கும் வித்தாயிற்று. கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் திருத்தங்கள் பெருகி ஒரு தனிப் பரம்பரையாகவே வேரூன்றின, 1980-இல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி ஸெனிக்ஸ் என்ற பெயரில் தன் பங்குக்கு ஒரு யூனிக்ஸை அறிவித்தது, ஏ.டி. அண்டு டி. 1983-இல் சிஸ்டம் ஃபைவ் என்ற வடிவத்தை வெளியிட்டு, 1984 ஜனவரி முதல் தேதி அந்தக் கம்பெனி துண்டிக்கப்பட்டுப் பழைய தடை நீங்கியவுடன், முழு வியாபாரியாகவே களத்தில் இறங்கிற்று. பெயரால் ஒன்றாகவும் நடத்தையால் பலவாகவும் இருந்த இந்த யூனிக்ஸ்களிடையே, ஓரிடத்தில் ஓடிய நிரல் இன்னோரிடத்தில் இடறி விழுந்தது. ஒரு கோப்பைத் திற, ஒரு செயலைத் தொடங்கு, ஒரு சமிக்ஞையை அனுப்பு என்று நிரல் இயங்குதளத்தை நோக்கி இடும் அழைப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த விடைகளில்தான் வேற்றுமை ஒளிந்திருந்தது.

இதனால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் யூனிக்ஸை வைத்துத் தொழில் நடத்தியவர்கள். பரிகாரத்தை முதலில் தேடியவர்களும் அவர்களே. அவர்கள் கூட்டிய ‘யூஸர் குரூப்’ என்ற சங்கம் 1981-இல் ஒரு நியமக் கமிட்டியை அமைத்து, 1984-இல் ஒரு சிறு நூலைப் பிரசுரித்தது. இயங்குதளத்தைச் சேர்ந்த அழைப்புகள் எவை, சி மொழியின் நூலகத்தைச் சேர்ந்தவை எவை என்ற பாகுபாடு அதன் பின்னர்த் தெளிவாயிற்று. நூலகத்தைச் சேர்ந்தவை சி மொழிக்கு நியமம் வகுக்க அமைந்திருந்த வேறொரு அமெரிக்கக் கமிட்டியிடம் போய்ச் சேர்ந்தன. இயங்குதளத்தைச் சேர்ந்தவற்றை, மின்சார, மின்னணுப் பொறியியலாளர்களின் ஸ்தாபனமான ஐ.இ.இ.இ. தன் 1003 என்ற எண்ணுள்ள திட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

ஐ.இ.இ.இ.யின் அன்றைய சம்பிரதாயத்தில் வாக்குரிமை கம்பெனிகளுக்கு இருக்கவில்லை, தனிமனிதர்களுக்கே இருந்தது. வாக்குச்சீட்டு பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அதைத் திருப்பி அனுப்பவேண்டும், அனுப்பியவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சம்மதிக்கவேண்டும். எதிர்த்து வாக்களிப்பவர் காரணம் கூறக் கடமைப்பட்டவர். அந்தக் காரணத்துக்குக் கமிட்டி பதில் கூறக் கடமைப்பட்டது. ஜிம் ஐஸக் என்பவரின் தலைமையில் இந்த முறைப்படி விவாதிக்கப்பட்டு, 1986-இல் பரீட்சார்த்தமாக ஒரு பதிப்பும், 1988-இல் முழு அதிகாரம் பெற்ற பதிப்பும் வெளிவந்தன. யூனிக்ஸ் என்ற பெயர் ஏ.டி. அண்டு டி.யின் வியாபாரச் சின்னமாகையால் அதை நூலின் முகப்பில் இட வழியில்லை. தகுந்த பெயர் அகப்படாமல் திகைத்த சமயத்தில் பாஸிக்ஸ் என்ற பெயரைச் சொல்லி உதவியவர், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்.

அந்த நூலைவிட, அதை ஆக்கியவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் நம் கவனத்துக்கு அதிகம் உரியவை. இயங்குதளத்தின் உள்ளமைப்பைப் பற்றி நூல் பேசாது. வெளியிலிருந்து கேட்கும் நிரலுக்கு என்ன விடை கிடைக்கவேண்டும் என்பதை மட்டுமே கூறும். மூலநிரல் இடம்பெயர்ந்து போகலாமென்று உறுதியளிக்கும். யந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரலுக்கு அந்த உறுதி இல்லை. நிர்வாகத்தைப் பற்றி அது பேசாது; யூனிக்ஸில் சகல அதிகாரமும் படைத்தவராக இருந்த தலைமைப் பயனாளரின் பெயரைக்கூட உச்சரிக்காமல், ‘தகுந்த உரிமை பெற்றவர்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். புழக்கத்திலிருக்கும் நிரல்களுக்கும் இயங்குதளங்களுக்கும் கூடியவரை குறைந்த மாறுதலே நேரவேண்டும். இரண்டில் ஒன்றுக்குத் தொல்லை வந்தே தீருமென்றால், அதை இயங்குதளத்தை ஆக்குவோர் தாங்கட்டும், நிரல் எழுதுவோரை வருத்தவேண்டாம். எழுந்துள்ள இலக்கியத்தை நோக்கியே இலக்கணம் வகுக்கவேண்டும், இலக்கணத்தை முன்னால் வைத்து இலக்கியத்தை வளைக்கலாகாது என்று நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் கொண்டிருந்த கொள்கைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் இரண்டு வழக்குகள் இருந்து, இரண்டுக்கும் பெருந்திரளான ஆதரவாளர் இருந்தால், இலக்கணக்காரன் என்ன செய்வான்? பாஸிக்ஸ் கமிட்டிகளின் அனுபவம் இதற்கு மூன்று விதமான விடைகளைக் காட்டுகிறது. கோப்புகளைக் கட்டி நாடாவில் ஏற்றும் முறையில், டார் என்ற வழக்கைப் போற்றியவர்களும் சி.பி.ஐ.ஓ. என்ற வழக்கைப் போற்றியவர்களும் விட்டுக்கொடாமல் போராடியதால், 1988-ஆம் ஆண்டு நூல் இரண்டு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டது. அப்பால் வந்த நூலில், இரண்டையும் படிக்கவல்ல பாக்ஸ் என்ற கருவி, லத்தீனில் சமாதானத்தைக் குறிக்கும் பெயரோடு புகுந்தது. திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையத்தைக் கட்டுப்படுத்துவதில், பெர்க்லியாரின் முறையும் சிஸ்டம் ஃபைவ் முறையும் பொருந்தாமற்போகவே, இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதொரு முறையைக் கமிட்டியே வகுத்தது. இருதரப்புக்கும் சமமான நஷ்டம் என்பதால் இருதரப்பும் அதை ஏற்றன. எழுத்தைத் திருத்தும் கருவிகளின் விஷயத்திலோ வினோதமான காரியம் நிகழ்ந்தது: வீ.ஐ. என்ற கருவி நியமத்தில் இடம்பெற, அதற்குப் போட்டியான ஈமாக்ஸின் அபிமானிகள், தங்கள் கருவியைச் சேர்க்கவே கூடாதென்று வற்புறுத்தினார்கள். நியமத்தின் எழுத்துக்கு மட்டும் இணங்கி, ஈமாக்ஸின் உயிரான விரிவாக்கத் திறனை விட்டுவிட்ட போலிகளை வியாபாரிகள் கொடுக்கக்கூடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சத்தையும் நூல் தன் விளக்கவுரையில் மரியாதையோடு பதிந்துவைத்திருக்கிறது.

வழக்கைப் பதிபவர்கள் வழக்கிலுள்ள பிசகையும் சேர்த்தே பதியவேண்டியவர்களாகிறார்கள். யூனிக்ஸ் காலத்தை 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து விநாடிகளாக எண்ணிவந்தது. வானநூலார் அவ்வப்போது சேர்க்கும் லீப் விநாடியைக் கணக்கில் கொள்ளாமல், ஒவ்வொரு நாளுக்கும் சரியாக 86,400 விநாடிகள் என்றே பாஸிக்ஸும் விதித்தது. புழக்கத்திலிருந்த எண்ணற்ற நிரல்கள் அப்படித்தான் எண்ணின என்பதே அதற்குப் போதிய நியாயமாயிற்று. ஆனால் ஆரம்ப நூல்களிலிருந்த சூத்திரம், நூறால் வகுபடும் ஆண்டுகளுக்குரிய விலக்கை மறந்து, 2100-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டுவிட்டது. 2001-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது திருத்தப்பெற்றது.

ஒரு நியமம் நூலாக இருப்பது ஒன்று, ஆட்சியில் இருப்பது வேறு. பாஸிக்ஸை ஆட்சியில் அமர்த்தியது அமெரிக்க அரசாங்கத்தின் பணப்பை. அந்நாட்டுத் தேசிய நியம நிலையம், ஐ.இ.இ.இ.யின் இறுதிப் பதிப்பு வருமுன்பே, அதன் பன்னிரண்டாவது வரைவை ஆதாரமாகக் கொண்டு, 151 என்ற எண்ணுள்ள அரசாங்க நியமத்தை 1988-இல் பிறப்பித்தது. கமிட்டி ‘விரும்பினால் கொள்ளலாம்’ என்று விட்டிருந்த பல அம்சங்களை ‘கொண்டே தீரவேண்டும்’ என்று மாற்றிற்று. சர்க்கார் கொள்முதலில் பங்கு கேட்கும் கம்பெனி எதுவும் இதை அலட்சியம் செய்ய முடியவில்லை. யூனிக்ஸோடு எந்த உறவுமில்லாத டிஜிட்டல் கம்பெனியின் வி.எம்.எஸ்., ஐ.பி.எம். கம்பெனியின் பெருங்கணிப்பொறித் தளமான எம்.வி.எஸ். ஆகியவைகூட பாஸிக்ஸ் முகத்தை அணிந்துகொண்டன. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யிலும் ஒரு பாஸிக்ஸ் பகுதி இருந்தது; அது முதல் நூலின் எழுத்துக்கு இணங்கியது, அதற்குமேல் ஓரடியும் வைக்கவில்லை. வலைத் தொடர்புக்கோ சாளரத் திரைக்கோ அதில் வழியில்லாததால், உண்மையான வேலைக்கு அதைக் கொண்டவர் அரியர். அரசாங்கம் கட்டளையால் இணக்கத்தை உண்டாக்கலாம், உபயோகத்தை உண்டாக்குவது அரிது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதற்கிடையே பாஸிக்ஸ் அமெரிக்க எல்லையைத் தாண்டிச் சர்வதேச அரங்கில் ஏறியிருந்தது. ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. என்ற இரு உலக ஸ்தாபனங்களும் 1987-இல் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று அமைத்த கூட்டுக் கமிட்டியின்கீழ், நிரல் மொழிகளைக் கவனிக்கும் இருபத்திரண்டாவது உபகமிட்டியில், பதினைந்தாவது பணிக்குழுவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. இங்கே வாக்களிப்பவர்கள் தனிமனிதர்கள் அல்லர், தேசங்கள். ஒரு தேசத்துக்கு ஒரு வாக்கு. 1990-இல் ஐ.எஸ்.ஓ. 9945-இன் முதற்பாகமாக நூல் வெளிவந்தபோது, ஐ.இ.இ.இ.யின் பதிப்பும் அதுவும் ஒரே வாசகமாக இருந்தன. இரண்டு சபைகளின் சம்மதத்தையும் ஒரே வாசகத்துக்குப் பெறுவது லேசான காரியமன்று. ஒரு சபையில் திருத்திய வரியை மறு சபையின் முன் மறுபடி வைக்கவேண்டும், அங்கே அது மறுபடி திருத்தப்படும்.

சர்வதேச அரங்கு இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தது; ஒன்று வீணாயிற்று, மற்றது பலித்தது. அழைப்புகளையெல்லாம் சி மொழியில் விவரிப்பது ஒருதலைப்பட்சமாகும், எந்த நிரல் மொழியையும் சாராத பொது நடையில் மூலநூலை எழுதி, சி, ஏடா, ஃபோர்ட்ரான் முதலியவற்றுக்குத் தனித்தனி இணைப்பு நூல்களை எழுதவேண்டும் என்பது முதற் கோரிக்கை. கேட்பதற்கு இது நியாயமே. ஆனால் உலகத்தில் யாரும் பேசாத ஒரு நடையில் நியமத்தைத் திரும்ப எழுதவும், சரிபார்க்கவும், வாக்கெடுக்கவும் அங்கத்தினர்கள் பெருங்காலத்தைச் செலவழித்தபின், அதை வாசித்துப் பயன்பெற ஒருவரும் இல்லை என்பது புலனாகி, முயற்சி கைவிடப்பட்டது.

இரண்டாவது கோரிக்கைக்கு முன்னணியில் நின்றவர்கள் டென்மார்க் தேசத்தார். அவர்களுடைய நாட்டு எழுத்துக் குறியீட்டில், ஆங்கில அட்டவணையின் அடைப்புக்குறிகளும் செங்குத்துக் கோடும் இருந்த இடங்களில் டேனிஷ் மொழியின் தனியெழுத்துகள் அமர்ந்திருந்தன. ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றுக்குப் பாய்ச்சுவதற்கு யூனிக்ஸ் பயன்படுத்தும் செங்குத்துக் கோடு, டேனிஷ் முனையத்தில் குறுக்குக்கோடிட்ட ‘ஓ’ எழுத்தாகத் தோன்றிற்று. இப்படிப்பட்ட இன்னலை அன்றாடம் அனுபவித்தவர்கள் கேட்டதால், கட்டளைகளையும் கருவிகளையும் பற்றிய இரண்டாம் பாகத்தில் (ஐ.இ.இ.இ. பதிப்பு 1992, சர்வதேசப் பதிப்பு 1993), எழுத்துகளின் வரிசை, தேதியும் நாணயமும் எழுதும் வழக்கம், எண்ணில் இடும் காற்புள்ளி முதலியவற்றை ஒவ்வொரு நாடும் தனக்கேற்ப எழுதித் தரும் ‘லொகேல்’ என்ற அமைப்பு விரிவாக வகுக்கப்பட்டது, டென்மார்க்கின் விவரணை மாதிரியாக அதிலேயே அச்சிடப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனியே உள்ள விவரணைக் கோப்புகள், அன்று வகுத்த அந்த அமைப்பையே பின்பற்றி எழுதப்பட்டவை.

வெற்றி பெற்ற கமிட்டி கிளைவிடுவது இயல்பு. 1990-களின் தொடக்கத்தில் 1003 என்ற எண்ணின் நிழலில் நிகழ்நேரச் செயற்பாடு, பாதுகாப்பு, நிர்வாகம், வலைத் தொடர்பு, பெருங்கணிப்பு, தொகுதிவேலை என்று குழுக்கள் மலிந்தன. நடைமுறையில் வேரூன்றியவற்றை எடுத்தாண்ட குழுக்கள் பயன்தந்தன: 1993-இல் நிகழ்நேர விரிவும், 1995-இல் ஒரே நிரலுக்குள் பல இழைகளை ஓட்டும் விரிவும் நிறைவேறின, பெர்க்லியில் பிறந்து உலகமெங்கும் பரவியிருந்த ‘சாக்கெட்’ என்ற வலைத் தொடர்பு முறை, எதிரணியின் முறையோடு நெடுங்காலம் மல்லுக்கு நின்று, இறுதியில் நியமத்தில் நிலைபெற்றது. பாதுகாப்புக் குழுவோ, பொதுவழக்கு ஒன்று உருவாகுமுன்பே சட்டம் வகுக்க முயன்று, பதினேழு வரைவுகளுக்குப் பின் 1998-இல் தன் முயற்சியைத் திரும்பப் பெற்றது. விசித்திரம் என்னவெனில், அந்தக் கைவிடப்பட்ட வரைவைத் துணையாகக் கொண்டு லினக்ஸ் முதலிய தளங்கள் தங்கள் அனுமதிப் பட்டியல்களை அமைத்துக்கொண்டன.

வெளியே வியாபார யுத்தம் மூண்டிருந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் 1984-இல் கூட்டிய எக்ஸ்-ஓப்பன் சங்கம் தன் சொந்த வழிகாட்டி நூல்களை வெளியிட்டுவந்தது. ஏ.டி. அண்டு டி.யும் ஸன் கம்பெனியும் கைகோத்ததைக் கண்டு அஞ்சிய ஐ.பி.எம்., டிஜிட்டல், ஹியூலெட்-பேக்கார்ட் முதலியவை 1988-இல் ஓ.எஸ்.எஃப். என்ற எதிரணியை நிறுவின. இரு சேனைகளும் பாஸிக்ஸுக்கு இணங்குவதாகவே பிரமாணம் செய்தன. அதற்கு மேலுள்ள யாவற்றிலும் மோதிக்கொண்டன. விண்டோஸ் என்.டி.யின் வருகை நெருங்கியபோதுதான் 1993-இல் சமாதானம் பேசினார்கள். அப்போதும் அவர்கள் செய்தது பழைய காரியமே: புழக்கத்திலிருந்த முக்கிய நிரல்கள் எந்தெந்த அழைப்புகளை உண்மையில் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்து, 1170 இடைமுகங்களைக் கொண்ட ஒரு பட்டியலைத் தொகுத்தார்கள். யூனிக்ஸ் என்ற பெயரின் உரிமை எக்ஸ்-ஓப்பனிடம் வந்துசேர்ந்தது. 1996-இல் அதுவும் ஓ.எஸ்.எஃப்.பும் ஒன்றாகி ‘ஓப்பன் குரூப்’ ஆயின.

இப்போது ஒரே விஷயத்துக்கு மூன்று அதிகாரிகள் இருந்தார்கள்: ஐ.இ.இ.இ., ஐ.எஸ்.ஓ., ஓப்பன் குரூப். மூவருடைய நூல்களும் பெரும்பாலும் ஒத்து, சிற்சில வரிகளில் வேறுபட்டன. அந்தச் சிற்சில வரிகளே நிரல் எழுதுவோரின் உறக்கத்தைக் கெடுத்தன. 1998 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், ஐ.பி.எம். வளாகத்தில் மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் கூடி, ஒருமுறை எழுதுவோம், அதையே மூவரும் ஏற்போம் என்று உடன்பட்டார்கள். ஊரின் பெயரே குழுவின் பெயராயிற்று. ஆஸ்டின் குழுவின் முதல் நூல் 2001-இல் வந்தது, ஐ.எஸ்.ஓ. அடுத்த ஆண்டில் அதை ஏற்றது. சரித்திரத்தில் முதன்முறையாக மூன்று அட்டைகளுக்குள்ளும் ஒரே புத்தகம் இருந்தது. குழுவில் சேரக் கட்டணமில்லை. நூலையும் இணையத்தில் யாரும் விலையின்றி வாசிக்கலாம்.

விலையின்றி என்ற சொல்லை அற்பமாகக் கருதவேண்டாம். 1991-இல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லீனஸ் டார்வால்ட்ஸ், தாம் ஆக்கிக்கொண்டிருந்த இயங்குதளத்துக்காகப் பாஸிக்ஸ் நூல் எங்கே கிடைக்கும் என்று பகிரங்கமாக விசாரித்தார். அது எளிதில் கைக்கு எட்டாததால், சர்வகலாசாலையிலிருந்த ஸன் கணிப்பொறியின் கையேடுகளை வைத்து அழைப்புகளின் இலக்கணத்தை அறிந்துகொண்டார். அந்தக் கையேடுகளும் பொதுவழக்கையே விவரித்ததால் காரியம் கெடவில்லை. இவ்வாறு, நியமத்தின் பிரதி கையிலில்லாமலே நியமத்துக்கு ஏறக்குறைய இணங்கிய லினக்ஸ், பிறகு உலகத்தின் பெரும்பாலான சேவையகக் கணிப்பொறிகளில் குடியேறியது. முறையான சான்றிதழைப் பணங்கட்டிப் பெற்றவை ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ்., 2007-இல் ஆப்பிளின் மாக் இயங்குதளம் போன்ற சிலவே. பெரும்பாலும் சான்றிதழ் பெறாத லினக்ஸின் பழக்கமே இன்று மற்றவர்கள் பார்த்து நடக்கும் பொதுவழக்காகியிருக்கிறது. ஆகவே கமிட்டிகளும் அதை நோக்கித் திரும்பவேண்டியிருக்கிறது.

2024-இல் வெளிவந்த பதிப்பைப் புரட்டினால் இது விளங்கும். நாலாயிரம் பக்கங்களை எட்டும் அந்த நூலில், கட்டளைக்குக் கால வரம்பிடும் ‘டைம்அவுட்’, கோப்பின் மெய்யான பாதையைக் கூறும் ‘ரியல்பாத்’, பல மொழிகளில் செய்திகளைக் காட்ட உதவும் ‘கெட்டெக்ஸ்ட்’ முதலியவை புதிதாக இடம்பெற்றுள்ளன. யாவும் பிறவிடங்களில் பல்லாண்டு புழங்கி முதிர்ந்தபின் வந்தவை. ஏ.டி. அண்டு டி.யார் ஒரு காலத்தில் பெருமையோடு முன்வைத்த ‘ஸ்ட்ரீம்ஸ்’ முறை நீக்கப்பட்டது; உள்ளீட்டின் நீளத்தைச் சோதிக்காமல் வாங்கிப் பல பாதுகாப்புக் கேடுகளுக்கு வாசலாயிருந்த ‘கெட்ஸ்’ என்ற அழைப்பும் ஒழிந்தது. புதிய அம்சத்தைச் சேர்ப்பதில் தயக்கமும், வழக்கொழிந்ததை நீக்குவதில் அதைவிட அதிகத் தயக்கமும் காட்டும் இந்தப் போக்கை மந்தம் என்று இளைஞர்கள் பழிக்கலாம். ஆனால் இந்த நாற்பது ஆண்டுகளில் இங்கே தோற்றவை யாவை என்று எண்ணிப் பார்த்தால், எந்த மொழியையும் சாராத பொதுநடை, வழக்கு உருவாகுமுன் எழுந்த பாதுகாப்புச் சட்டம், கட்டளைக்காக மட்டும் கட்டப்பட்ட பாஸிக்ஸ் பகுதி என்று, நடைமுறைக்கு முன்னால் ஓடியவையும் நடைமுறையைப் பொருட்படுத்தாதவையுமே அந்த வரிசையில் நிற்கின்றன. பலர் கையாண்டு தேய்த்துப் பதமாக்கிய வழக்கை எடுத்து, அதன் ஓரங்களைச் சீர்செய்து, இருதரப்பும் வாசித்து ஒப்பும் வாசகத்தில் நிறுத்தியபோதெல்லாம் நியமம் நிலைத்தது. இனி வரும் கமிட்டிகளுக்கு இந்தச் சரித்திரம் கூறும் ஆலோசனை, ஒரு முறை நல்லதா என்று கேட்குமுன், அதை எத்தனை பேர் இப்போதே கையாளுகிறார்கள் என்று கேளுங்கள் என்பதுதான்.